கண்டியின் கடைசி அரசன் நம்முடைய அரசனா?

வாசகர் கேள்வி, 2025 பெப்ரவரி 16

ஐயா, சென்ற வாரம் எழுதியபோது பழைய அரசர்களையும் இன்றைய அமைச்சர்களையும் ஒரே தராசில் வைத்து நிறுத்திருந்தீர்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் தமிழன். கண்ணுசாமி என்பது அவன் இயற்பெயர். அவன் அரியணையில் நீடித்திருந்தால் மலையகத் தமிழன் இன்று லயத்துக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டு அறையில்) அல்லற்பட்டுக் கொண்டிருக்க மாட்டான். நமக்கென்று இருந்த ஒரே அரசனையும் நாமே பழிப்பது முறையா? (பதுளை வாசகர்)

2025 பெப்ரவரி 18

தம்பி, நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. அதற்கு இன்றே பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது. 1815 ஆம் ஆண்டு இதே பெப்ரவரி 18 ஆம் தேதிதான் அந்த அரசன் மெதமஹனுவரப் பகுதியில் ஒளிந்திருந்த இடத்தில் பிடிபட்டான். பிறகு அவனை வேலூருக்கு அனுப்பினார்கள். 1832 இல் அங்கேயே இறந்தான். வேலூரில் அவனுடைய சமாதி இருக்கிறது.

அவன் தமிழ் பேசியவன் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. பட்டத்தரசிக்குப் பிள்ளை இல்லாமல் கண்டி அரசன் நரேந்திரசிங்கன் இறந்தபின், 1739 இல் மதுரையிலிருந்து வந்த அரசியின் தம்பி ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பெயரில் முடி சூடினான். அங்கே தொடங்கிய நாயக்கர் வரிசையில் நான்காமவனும் கடைசியானவனும் நீங்கள் சொல்லும் கண்ணுசாமி. ஆனால் நம்முடைய முன்னோர் மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே நடந்து மாத்தளைக்கு வந்து சேரத் தொடங்கிய காலத்தில் கண்டியில் அரசனே இல்லை. தோட்டத்துக் குடும்பம் எதுவும் அவனுக்குக் குடியாக இருந்ததில்லை. நாம் பார்த்திராத ஒருவனை நம்முடையவன் என்று சொல்லிக்கொள்ள நமக்கு ஆசையாக இருப்பதன் காரணம், நமக்கென்று யாரும் இருந்ததில்லை என்ற மனக்குறைதான். அந்தக் குறை எனக்கும் உண்டு. அதனால் உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

அவனுக்குக் குடியாக இருந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா? அவனை அரியணையில் ஏற்றியவர் பிலிமத்தலாவை என்ற முதல் அதிகாரம் (தலைமை அமைச்சர்). பதினெட்டு வயதுப் பையன் சொன்னபடி கேட்பான் என்று நம்பி ஏற்றினார். பின்னாளில் அதே பையனின் ஆணையால் அவர் தலை போயிற்று. அவருக்குப் பின் வந்த எஹெலபொல ஆங்கிலேயர் பக்கம் ஓடியபோது, அகப்படாத மனிதருக்காக அவருடைய மனைவி மக்கள் தண்டனை பெற்றார்கள். பிள்ளைகளின் தலையை வெட்டி, தாயை உரலில் இடிக்கச் சொன்னதாக இன்றும் சொல்கிறார்கள். பின்னர் அவளைப் போகம்பறைக் குளத்தில் அமிழ்த்தினார்கள். மூத்தவன் தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கியபோது இளையவன் மத்தும பண்டார முன்னே வந்து கழுத்தை நீட்டினான் என்பது சிங்களக் கிராமங்களில் குழந்தைகளும் அறிந்த கதை. கண்டிக்குப் போனால் நாம் வாவியைச் சுற்றி நடக்கிறோம், கடலை வாங்கித் தின்கிறோம். பாற்கடல் என்று பெயரிட்டு அந்த அரசன் வெட்டுவித்த வாவி அது. அறுவடையை விட்டுவிட்டு வந்து கூலியில்லாமல் மண் சுமந்த குடியானவர்களை அங்கே நடக்கும்போது யாரும் நினைப்பதில்லை. நானும் நாற்பது வயது வரை நினைத்ததில்லை.

கண்டிச் சிற்பிகள் அவனுக்கென்று செய்த அரியணை கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் முன் நின்று பார்த்தபோது எனக்கு வியப்பு வந்தது, அன்பு வரவில்லை.

2025 பெப்ரவரி 19

நேற்று எழுதியதில் ஒரு பிழை. அந்த அரியணையைக் கண்டிச் சிற்பிகள் செய்யவில்லை. 1693 இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) இரண்டாம் விமலதர்மசூரியனுக்குக் கொடுத்த பரிசு அது. 1815 இல் ஆங்கிலேயர் இங்கிலாந்துக்கு எடுத்துப் போனார்கள்; 1934 இல் திருப்பித் தந்தார்கள். ஒல்லாந்தரை மலைக்குள் நிலைகொள்ள விடாமல் காத்த அரச வம்சம் ஒல்லாந்தர் கொடுத்த நாற்காலியில் அமர்ந்து நாட்டை ஆண்டது என்று இப்போது திருத்தி எழுதுகிறேன். பிழை என்னுடையது, ஆனால் திருத்தியபின் என் கருத்து இன்னும் உறுதியாகிவிட்டது.

2025 பெப்ரவரி 22

அரச அதிகாரம் என்பது எவ்வளவு பொருளற்ற இடத்துக்குப் போக முடியும் என்பதை அறிய, கண்ணுசாமிக்கு நூற்றைம்பது ஆண்டுகள் முந்திய இரண்டாம் ராஜசிங்கனைப் பார்க்க வேண்டும். 1660 இல் கொட்டியாரத்தில் பிடிபட்டு, 19 ஆண்டுகள் கண்டி நாட்டில் கைதியாக வாழ்ந்து, 1679 இல் அரிப்புக் கோட்டை வழியாகத் தப்பிய ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் எழுதி வைத்தவற்றிலிருந்து எனக்கு மறக்க முடியாத மூன்றைச் சொல்கிறேன்.

அரசன் முன் பேசும்போது யாரும் 'நான்' என்று சொல்லக் கூடாது. 'நாயின் உறுப்பு இதைச் செய்தது' என்றுதான் சொல்ல வேண்டும். எத்தனை பிள்ளைகள் என்று அரசன் கேட்டால், இத்தனை ஆண் நாய்க்குட்டி, இத்தனை பெண் நாய்க்குட்டி என்று பெற்றவர்கள் பதில் சொல்ல வேண்டும்.

ஒருமுறை அரசன் நீந்திக்கொண்டிருந்தபோது மூழ்குவதுபோல் நடித்து உதவி கேட்டான். இளைஞர் இருவர் பாய்ந்து அவனைப் பிடித்துக் கரை சேர்த்தார்கள். அரண்மனைக்குப் போனதும், காப்பாற்றியவர்கள் யார் என்று கேட்டான். பரிசு கிடைக்கும் என்று நம்பி முன்வந்தவர்களைக் கொல்லும்படி ஆணையிட்டான். அரசன் பற்றிக்கொள்வதற்குத் தங்கள் உடலைக் கொடுத்திருக்க வேண்டுமே தவிர, அரசனுடைய உடலைத் தங்கள் கையால் தொட்டிருக்கக் கூடாது என்பது குற்றச்சாட்டு. நான் இதை முதன்முதலில் படித்த இரவு தூங்கவில்லை. அந்த இளைஞர்களுக்குச் சரியான வழி என்று எதுவுமே இல்லை என்பதுதான் என்னை வதைத்தது. கரையில் நின்று பார்த்திருந்தாலும் கொன்றிருப்பான். நீரில் பாய்ந்த அந்த நேரத்தில் அவர்கள் கண்டது அரசனை அல்ல, மூழ்கும் ஒரு மனிதனை. அந்த நல்ல குணத்துக்குத்தான் தண்டனை.

மூன்றாவது, குடியானவன் தன் வீட்டுக்கு ஓடு போடவோ சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கவோ கூடாது. வெள்ளைச் சுவர் அரசனுக்கும் கோயிலுக்கும் உரியது. இந்த வரியில் நான் வெகுநேரம் நின்றேன். நான் பிறந்த லயத்தின் சுவருக்கு எப்போது வெள்ளை அடிப்பது என்பதைத் தோட்டம்தான் முடிவு செய்தது. பெரிய ஆட்கள் யாராவது பார்க்க வரும் ஆண்டில், வீதிக்குத் தெரியும் பக்கம் மட்டும் அடிப்பார்கள். பின்பக்கத்துச் சுவரில் புகைக்கரி அப்படியே இருக்கும். இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) ஒரு தட்டி வைத்து மறைப்பதற்கு என் தந்தை மூன்று முறை அலுவலகத்துக்கு நடந்தார்.

2025 பெப்ரவரி 23

கைதியாக இருந்த வெள்ளைக்காரன் நம் நாட்டு அரசனைப் பற்றி நல்லதா எழுதுவான் என்று ஒரு வாசகர் கேட்கிறார். ஐயம் நியாயமானதே. ஆனால் நாய் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் வழக்கத்தை நம்புவதற்கு நான் நொக்ஸிடம் போக வேண்டியதில்லை, தமிழே சாட்சி. 'அடியேன்', 'நாயேன்' என்ற சொற்கள் நம்மிடம் உண்டு. அடியார் அவற்றை இறைவனிடம் சொன்னார்கள், யாரும் கேட்காமல், அன்பினால் சொன்னார்கள். அதே சொல்லை மனிதன் மனிதனிடம் கட்டளையாகக் கேட்டு வாங்கும்போதுதான் அது அழுகிப் போகிறது.

2025 மார்ச் 2

இன்று கண்டி ஒப்பந்தத்தின் நாள். 1815 மார்ச் 2 இல் பிரதானிகள் கூடித் தங்கள் நாட்டை இங்கிலாந்தின் மூன்றாம் ஜோர்ஜ் மன்னருக்குக் கொடுத்தார்கள். கையெழுத்திட்டவர்களில் சிலர் தமிழ் எழுத்தில் கையெழுத்திட்டார்கள் என்பதை நம்மவர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. அதே தாளில் இருக்கும் இன்னொரு விதியை யாரும் சொல்வதில்லை. அரசனின் உறவினரான ஆண்கள் அனைவரும் எதிரிகள். அவர்கள் கண்டி மாகாணங்களுக்குள் அனுமதியின்றி நுழைந்தால் மரண தண்டனை. வெளியேற்றப்பட்ட 'மலபார்' ஆண்கள் திரும்பி வந்தாலும் அதே தண்டனை. அன்றைய வழக்கில் 'மலபார்' என்றால் தமிழர்.

இந்த மை காய்ந்து பத்து ஆண்டுகள்கூட ஆகவில்லை. 1824 இல் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில் கோப்பித் தோட்டம் தொடங்கியது. அதன்பின் அதே ஆட்சி, அதே மாகாணங்களுக்குள், தமிழ் ஆண்களையும் பெண்களையும் ஆயிரக்கணக்கில் தானே வரவழைத்தது. உள்ளே வந்தால் சாவு என்று எழுதிய கைதான் கங்காணியின் கையில் முன்பணம் கொடுத்து ஆள் திரட்டச் சொன்னது. வழியில் காய்ச்சலிலும் பசியிலும் விழுந்தவர்களை எண்ணிப் பார்த்தால், முதலில் எழுதியதும் ஒருவகையில் நிறைவேறியது என்றே நான் வருந்துகிறேன்.

நாய் பற்றி எழுதியதால் இதையும் சேர்க்கிறேன். 1848 இல் டொரிங்டன் என்ற ஆளுநர் துப்பாக்கிக்கு வரி, கடைக்கு வரி, நாய்க்கு வரி என்று விதித்தார். ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பணம் கட்ட வேண்டும் என்றார். மாத்தளையில் மக்கள் எழுந்தார்கள். அந்த எழுச்சியிலும் முதல் வேலையாகத் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டாவுக்கு அரசன் என்று முடி சூட்டினார்கள். எழுச்சித் தலைவர்களில் ஒருவரான புரன் அப்புவை ஆங்கிலேயர் சுட்டுக் கொன்றார்கள். முடி சூடியவரை மலாக்காவுக்குக் கப்பல் ஏற்றினார்கள். ஒரு காலத்தில் குடிகள் தம்மை நாய் என்று சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது; இன்னொரு காலத்தில் வீட்டு நாய்க்கும் ஆட்சிக்குக் கப்பம் கட்ட வேண்டியிருந்தது.

2025 மார்ச் 3

எங்கள் தோட்டத்தில் காமன் கூத்துக்குக் காமன் ஊன்றிவிட்டார்கள். பௌர்ணமி வரை இரவில் தப்புப் பறையின் சத்தம் இருக்கும்; எழுதுவது குறையும்.

2025 மார்ச் 6

அரசர் காலம் முடிந்துவிட்டது, மக்களாட்சியில் இப்படி நடக்காது என்று எழுதியிருக்கிறார் ஒருவர். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வாக்குப்பெட்டியில் பிறந்த பாராளுமன்றம் செய்தது. தந்தை இங்கே பிறந்தார் என்பதற்குச் சான்று காட்டு என்று, பிறப்பைப் பதிவு செய்யும் பழக்கமே சரியாக இல்லாத லயத்து மக்களிடம் கேட்டது.

பிறகு 1964 ஒக்டோபர் 30. இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் பிரஜாவுரிமை இல்லாத மலையகத் தமிழர் 9,75,000 பேரைப் பங்கிட்டார்கள். 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மீதி 1,50,000 பின்னர் பார்த்துக்கொள்ளலாம். 1974 இல் அந்த மீதியையும் இரு நாடுகளும் ஆளுக்கு 75,000 என்று சரிபாதி பிரித்தன. 1964 இல் பங்கிட்ட இருவரும் கொடுங்கோலர் அல்லர். சாஸ்திரி எளிமைக்குப் பேர் போனவர். அதனால்தான் எனக்கு இது ராஜசிங்கனின் கதையைவிட அச்சமாக இருக்கிறது. ஒரு நல்ல மனிதர்கூட நாற்காலியில் அமர்ந்து பார்க்கும்போது மனிதர் எண்ணாகிவிடுகிறார்கள். அந்த 9,75,000 பேரில் ஒருவரையும் அறைக்குள் கூப்பிட்டு விருப்பம் கேட்கவில்லை.

என் அம்மாயிக்கு (தாயின் தாய்க்கு) இலங்கை கிடைத்தது. அவருடைய அண்ணனுக்கு இந்தியா கிடைத்தது. ஒரு வயிற்றில் பிறந்தவர்கள், ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் இருந்தவர்கள். அட்டன் ஸ்டேசனில் அந்த ரயிலை 'ஒப்பாரிக் கோச்சி' என்றுதான் சனங்கள் சொன்னார்கள். கதவைப் பிடித்துக்கொண்டு தொங்கிய அண்ணனின் கையை அம்மாயி விடவில்லை. ரயில் நகர்ந்தபின் பிளாட்பாரத்தின் கடைசி வரை ஓடினார். பிறகு அண்ணனிடமிருந்து மண்டபம் முகாமிலிருந்து ஒரு கடிதம், நீலகிரியிலிருந்து இரண்டு கடிதங்கள். அவ்வளவுதான். கண்டித் தலதா மாளிகையின் பத்திரிப்புவில் (எண்கோண மண்டபத்தில்) ஏறி நின்று தலைவர்கள் நாட்டுக்கு உரையாற்றுவதைத் தொலைக்காட்சியில் காட்டும்போதெல்லாம் அம்மாயி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

2025 மார்ச் 9

மற்றவர்களைக் குற்றம் சாட்டுவது எளிது. இதைச் சொல்லாமல் இந்த உரையாடலைத் தொடர எனக்கு மனம் வரவில்லை.

நான் ஆசிரியராக இருந்த தோட்டப் பாடசாலையில் இரண்டு வகுப்பறைகள் கட்டினார்கள். திறந்து வைக்க ஓர் அமைச்சர் வருவதாகச் சொன்னார்கள். காலை எட்டு மணிக்குப் பிள்ளைகளை வீதியின் இருபுறமும் நிறுத்தினோம். வெற்றிலைத் தட்டு, கொடி, பூமாலை எல்லாம் என் பொறுப்பு. வரவேற்புப் பாட்டை எழுதியவனும் நான்தான். அதில் அவரை மன்னன் என்றே குறிப்பிட்டிருந்தேன், எதுகைக்காக. ஒன்பதரைக்கு மழை தொடங்கியது. உள்ளே அனுப்பலாமா என்று இன்னோர் ஆசிரியை கேட்டார். திடீரென்று வாகனம் வந்துவிட்டால் வீதி வெறுமையாக இருக்குமே என்று சொல்லி நான் மறுத்தேன். பதினொன்றரைக்கு அவர் வந்தார். வாகனத்தின் கண்ணாடி இறங்கவில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி நின்ற இடத்திலேயே விழுந்தாள். காலையில் ரொட்டிகூடத் தின்னாமல் வந்திருந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு போனவர் அந்த ஆசிரியை. நான் மாலை கொடுக்கும் பிள்ளையைச் சரிப்படுத்திக்கொண்டு நின்றேன்.

திறப்பு விழாக் கல்லில் அமைச்சரின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. ஆட்சி மாறியபின் அதே இரண்டு வகுப்பறைகளுக்குச் சாயம் பூசி, இன்னொருவர் வந்து, இன்னொரு கல்லைப் பதித்தார். அதற்கும் பிள்ளைகள் நின்றார்கள். அதற்கும் பாட்டு எழுதச் சொன்னார்கள். எழுதினேன்.

2025 மார்ச் 10

எந்த அமைச்சர் என்று மூவர் கேட்டிருக்கிறார்கள். சொல்ல மாட்டேன். பெயரைச் சொன்னால் பேச்சு அவரைப் பற்றியதாகிவிடும். மழையில் பிள்ளைகளை நிறுத்தும்படி அவர் எனக்குக் கட்டளையிடவில்லை.

2025 மார்ச் 15

நேற்றிரவு காமனை எரித்தார்கள். என் மனத்தில் இருந்த ஒரு கருத்தை இந்த ஆண்டுக் கூத்து மாற்றிவிட்டது.

அச்சத்தினால்தான் மக்கள் பணிகிறார்கள் என்று நான் நெடுநாள் நம்பியிருந்தேன். இந்திரன் ஓலை அனுப்புகிறான். சிவனின் தவத்தைக் கலைக்க வேண்டும் என்கிறான். ரதி போகாதே என்று காலைப் பிடித்து அழுகிறாள், தான் கண்ட கெட்ட கனவுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். காமன் போகிறான். எரிந்து சாம்பலாவது காமன். ஓலை எழுதிய இந்திரன் தன் இருக்கையில்தான் இருக்கிறான். சிறுவயதில் பார்த்தபோது காமன் பயந்து போனான் என்று நினைத்தேன். நேற்று கவனித்துப் பார்த்தேன்: அவன் பயந்து போகவில்லை. தன்னைத் தேர்ந்தெடுத்தார்களே என்ற பெருமிதத்தில் போகிறான்.

உடனே என் தாத்தாவின் குடை நினைவுக்கு வந்தது. தோட்ட நிர்வாகியான துரையின் பங்களாவைக் கடக்கும்போது கொட்டும் மழையிலும் தாத்தா குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொள்வார், தலைத்துண்டையும் எடுத்துவிடுவார். வெள்ளைக்காரத் துரைமார் போனார்கள். 1975 இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. புதிதாக வந்த துரை இளம் வயதுக்காரர், அப்படி எதையும் எதிர்பார்க்காதவர். ஒருநாள் அவரே வாகனத்தை நிறுத்தி, 'ஏன் தாத்தா நனைகிறீர்கள்?' என்று கேட்டார். தாத்தா குடையை விரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து என்னிடம், 'பெரிய துரை என்னைப் பார்த்து நின்று பேசினார்' என்று சொன்னபோது அவருடைய முகத்தில் அச்சம் கொஞ்சமும் இல்லை. அவ்வளவு மகிழ்ச்சியாக அவரை நான் பார்த்தது குறைவு. காமன் கூத்தில் இருபது ஆண்டுகள் இந்திரனாக ஆடியவர் அவர். விடியும் வரை காகிதக் கிரீடத்துடன் ஓலை அனுப்பிவிட்டு, காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் கங்காணி முன் பேர் போட நின்றவர்.

பதுளைத் தம்பி, உங்களுக்கு நான் முதலில் எழுதிய பதிலில் இது விடுபட்டுவிட்டது. கண்ணுசாமியை நம்முடையவன் என்று சொல்ல உங்களுக்குள் எழும் அந்த மகிழ்ச்சியும், தாத்தாவின் முகத்தில் நான் கண்டதும், எதுகைக்காக மன்னன் என்று எழுதியபோது எனக்கு வந்ததும் ஒன்றுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

2025 மார்ச் 16

2022 யூலை 9 இல் கொழும்பில் சனாதிபதி மாளிகைக்குள் மக்கள் புகுந்து நீச்சல் குளத்தில் குளித்தார்களே, அதோடு அந்தப் பழைய மயக்கம் தீர்ந்துவிட்டதல்லவா என்று கேட்கிறீர்கள். அந்தக் காட்சியைப் பார்த்தபோது நானும் எழுந்து நின்றேன். ராஜசிங்கனின் நீரில் இறங்கியதற்காக உயிரிழந்த அந்த இளைஞர்கள் நினைவுக்கு வந்தார்கள். ஐந்து நாளில் சனாதிபதி வெளிநாட்டிலிருந்து விலகல் கடிதம் அனுப்பினார். ஆனால் மாளிகையைச் சுற்றிப் பார்க்கப் போனவர்கள் பலர் அந்தக் கட்டிலில் படுத்தும் நாற்காலியில் அமர்ந்தும் படம் எடுத்துக்கொண்டார்கள். கோபத்தில் போனவர்களுக்கும் அந்த நாற்காலியில் ஒரு கணம் அமர்ந்து பார்க்க ஆசை இருந்தது. நானும் அங்கே இருந்திருந்தால் அமர்ந்திருப்பேன் என்றே நினைக்கிறேன்.

2025 மார்ச் 21

மழையில் விழுந்த அந்தப் பிள்ளை இந்தப் பக்கத்தைப் படித்திருக்கிறாள். இப்போது கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை. நேற்று எனக்குத் தனியாக எழுதினாள். என் மேல் அவளுக்கு வருத்தம் இல்லையாம். அன்று தட்டிலிருந்த வெற்றிலை நனையாமல் பார்த்துக்கொள்ளும்படி நான் சொன்னதால், தன் சீருடையின் முன்பக்கத்தால் அதை மூடிப் பிடித்திருந்தாளாம். விழும்போதும் தட்டைக் கவிழ்க்கவில்லை என்று எழுதியிருந்தாள், பதினைந்து ஆண்டுகள் கழித்தும் ஒரு பாராட்டை எதிர்பார்ப்பவள்போல. அதைப் படித்துவிட்டு நான் வெகுநேரம் வெளியே இருந்தேன்.

அடுத்த வாரம் அதே பாடசாலைக்கு யாரோ வருகிறார்கள், மதில் திறப்பு. இன்று காலை அதிபரைப் போய்ப் பார்த்தேன். வாகனம் வாசலுக்கு வந்து சேர்ந்தபின் பிள்ளைகளை வகுப்பிலிருந்து வெளியே கூப்பிட்டால் போதும் என்று கேட்டுக்கொண்டேன். மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். பிறகு, வாசல் வரை என் பின்னால் வந்து, ஐந்தாம் வகுப்பு வரை உள்ளவர்களை உள்ளேயே இருத்திவிடுவதாகவும், அதற்கு யாரிடமும் கேட்கப் போவதில்லை என்றும் சொன்னார். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்காக நாளை மறுபடியும் போவேன்.